குணமதி டீச்சர் எடுத்த விருப்பப்பாடம்

நாற்பத்தெட்டு வயதில் எம்.ஏ. படிக்கப் போகிறவர்களைப் பற்றி ஊரில் இரண்டே பேச்சுதான். ஆணாக இருந்தால் புரமோஷனுக்கு அலைகிறான் என்பார்கள். பெண்ணாக இருந்தால் வீட்டில் வேலை இல்லை போலிருக்கிறது என்பார்கள். என் விஷயத்தில் ஊர் சொன்னது சரி. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் நான் இளநிலை உதவியாளன். பெயர் கோதண்டபாணி. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பையன் எனக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "சார், அந்த ஃபைலு ஜல்தியா குடுங்க" என்று கேட்கிறான். அந்த எரிச்சலில் சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு. வயதுவந்தோர் கல்வியில் முதுகலை, தொலைநிலை, இரண்டு வருடம். சனிக்கிழமைதோறும் விழுப்புரத்தில் வகுப்பு. ஏன் இந்தப் பாடம் என்று கேட்டால், இதில் கணக்கு இல்லை என்று யாரோ சொன்னார்கள். அதுவும் பொய் என்று பிறகு தெரிந்தது.

என்னோடு அதே வகுப்பில் சேர்ந்த குணமதியின் விஷயம் வேறு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி ரோட்டில் முக்கால் மணி நேரம் போனால் அவர் ஊர். சமணக் குடும்பம். கணவர் ஜிதேந்திரன் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் நெல்லும் பயிர் வைக்கிறார். அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நடந்த எழுத்தறிவு மையத்தைப் பதினோரு வருடம் குணமதிதான் கவனித்துக்கொண்டார். தன்னார்வலர் என்று பெயர். அந்த வேலை அவர் தலையில் வந்து விழுந்த விதம் ஒரு கூத்து. சமணர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் குணமதி வீட்டில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். "உங்களுக்கு இன்னாம்மா, ஆறு மணிக்கு மேல சும்மாத்தானே குந்திக்கினு இருக்கீங்க" என்று பஞ்சாயத்து ஆபீசில் சொல்லி ஒப்படைத்துவிட்டார்களாம். சும்மா இருப்பதாக ஊர் முடிவு செய்துவிட்டால் ஒரு பெண் என்ன பதில் சொல்ல முடியும்?

மாவட்டத்தில் இந்த மையங்களையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருங்கிணைப்பாளர் பணியிடம் வரப்போகிறது, இந்த முதுகலை இருந்தால்தான் எடுப்பார்கள், ஐம்பது வயது தாண்டக்கூடாது என்று ஒரு பேச்சு கிளம்பியது. குணமதி அதைக் கேட்டுத்தான் சேர்ந்தார். பதினோரு வருடம் 'சும்மா' செய்ததை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் தப்பு என்ன இருக்கிறது?

வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம். வயதுவந்தவர் குழந்தையைப் போலக் கற்பதில்லை, தன் அனுபவத்தோடு வருகிறார், அவரோடு உரையாட வேண்டும், உத்தரவு போடக்கூடாது. இதை ஒரு ஆசிரியர் நோட்டைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் பதினொரு பேரும் தலைநிமிராமல் எழுதிக்கொள்வோம். என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த போக்குவரத்துக் கழக நடத்துநர் ஒருவர் ஒருநாள் ஒரு சந்தேகம் கேட்டார். "அதெல்லாம் கடைசியில கேளுங்க" என்று உட்காரவைத்துவிட்டார்கள். கடைசியில் மின்சாரம் போய்விட்டது.

இரண்டாம் வருடம் விருப்பப்பாடம் எடுக்க வேண்டும். பட்டியல் நீளமாக இருந்தது. எழுத்தறிவு முறைகள், தொடர்கல்வி, முதியோருக்கான கல்வி, வேலையிடப் பயிற்சி, கிராம விரிவாக்கப் பணி, திட்டமிடலும் நிர்வாகமும், கற்றல் மதிப்பீடு. விருப்பம் என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர, எவனும் விரும்பி எடுக்கவில்லை. நடத்துநர் வேலையிடப் பயிற்சி எடுத்தார், டிப்போவில் காட்டலாம் என்று. நான் நிர்வாகம் எடுத்தேன், அந்தப் பையனின் நாற்காலியை மனதில் வைத்து. குணமதிக்கு எழுத்தறிவு முறைகள்தான் பொருத்தம். அவர் எடுத்தது மதிப்பீடு. காரணம் கேட்டேன்.

"அது ஒண்ணுதான் சார் காலையில இருக்குது. ஒரு மணிக்கு முடிஞ்சிடும். மத்ததெல்லாம் அஞ்சரை வரைக்கும். அஞ்சரைக்குக் கிளம்பினா நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிடும். சனிக்கிழமைக்கு சனிக்கிழமை ராப்பட்டினி கெடக்க முடியுமா?"

ஒரு மனுஷியின் துறையைச் சாப்பாட்டு நேரம் முடிவு செய்ததை நினைத்து அன்று சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. எழுத்தறிவு முறைகள் எடுத்திருந்தால் பாடப்புத்தகம் ஒன்றை விமர்சித்து நூறு பக்கம் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். மதிப்பீடு எடுத்தவர் எதையாவது அளந்தாக வேண்டும். அவர் அளக்கக் கிடைத்தது அவருடைய மையம்தான்.

ஆய்வு நெறியாளர் பானுப்ரியா. முப்பத்தொரு வயது, ஒப்பந்த வேலை. வாரத்தில் ஆறு நாள் மூன்று ஊர்களில் வகுப்பெடுத்துவிட்டு எங்களிடம் வரும்போது அந்தப் பெண்ணுக்குக் குரலே இருக்காது. ஆளுக்குப் பத்து நிமிடம்தான். "உங்க சென்டர்ல ரெண்டு வருஷம் முந்தி நடந்த எக்ஸாம் மார்க் இருக்கு இல்ல மேடம், அத வெச்சு டேபிள் போட்டு எழுதிடுங்க. புதுசா எதையும் தொடாதீங்க" என்று குணமதியிடம் சொல்லியிருந்தார். நல்ல யோசனை. இருபத்தோரு பேர் எழுதினார்கள், இருபது பேர் பாஸ், ஒருவர் ஃபெயில். இதைவிட அழகான அட்டவணை கிடைக்காது.

குணமதி தொட்டார். புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது: படித்ததைக் கற்றவர் எவ்வளவு தக்கவைத்திருக்கிறார் என்று ஒரு காலத்துக்குப் பிறகு திரும்ப அளக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு, பாஸான இருபது பேரிடமும் மறுபடி ஒரு சின்னப் பரீட்சை வைக்கப் போனார். ரேஷன் கடையில் எழுதி ஒட்டுவது மாதிரி மூன்று வரி. நாளை கடை விடுமுறை, புதன்கிழமை அரிசி வழங்கப்படும், குடும்ப அட்டையுடன் வரவும். வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு மதிய வகுப்பு நடக்கவில்லை, இருவரும் மதியமே விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்சுக்குள் உட்கார்ந்திருந்தோம். வெயிலில் சீட்டு சுட்டது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பஸ் கிளம்பி விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியது. அதற்கப்புறம் குணமதி, "சார், மூணு பேர்தான் படிச்சாங்க" என்றார்.

"எதை?"

"அந்த மூணு வரிய. இருபது பேர்ல மூணு பேர். மத்தவங்க பேர மட்டும் அழகா எழுதறாங்க. கோலம் போடற மாதிரி கை தானாப் போவுது. அவங்க பேரையே வேற தாள்ல எழுதிக் காட்டினா தெரியல."

அதற்கப்புறம்தான் பென்சில் விஷயத்தைச் சொன்னார். பரீட்சைக்கு முதல் நாள் விடைத்தாள்கள் மையத்துக்கு வந்துவிடும். பெரியவர்கள் பயத்தில் கை நடுங்கி எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் என்று, இருபத்தோரு தாளிலும் விடைகளைப் பென்சிலால் லேசாக எழுதி வைத்துவிடுவாராம். மறுநாள் அவர்கள் அதன்மேல் பேனாவை ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்ததும் ரப்பரால் அழித்துவிட்டால் தீர்ந்தது. அவர் மட்டும் செய்ததில்லை. ஊருக்கு ஊர் அதுதான் வழக்கம் என்றார். "அவங்களுக்குத் தெரியும் சார், நான் சும்மா ஞாபகப்படுத்தறேன்னுதான் நெனச்சிக்கினு செஞ்சேன். சத்தியமா." நம்பினேன். பதினோரு வருடம் ஒரு வேலையைச் செய்கிறவர் அப்படி ஒன்றை நம்பாமல் எப்படிச் செய்ய முடியும்?

"அப்போ அந்த ஃபெயிலான ஆளு?" என்று கேட்டேன். குணமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஆளின் பெயர் சின்னபொண்ணு. ஐம்பத்தெட்டு வயது, விவசாயக் கூலி. பரீட்சையன்று தாளைக் கையில் வாங்கியதும் அந்த அம்மாள் பென்சில் எழுத்தை முழுக்க அழித்துவிட்டு, "நானே எழுதறேன் டீச்சரம்மா" என்று உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கேள்வியையும் உதட்டை அசைத்துப் படித்து, யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நேரம் முடிந்தபோது தாளில் பாதி காலி. எழுதிய பாதியும் சரி.

மற்றவர்கள் விட்ட இடத்தையெல்லாம் குணமதி நிரப்பினார். சின்னபொண்ணு தாளை மட்டும் அப்படியே வைத்துவிட்டார். இரண்டு காரணம். ஒன்று, எல்லோரும் பாஸ் என்று காட்டினால் மேலே சந்தேகப்படுவார்கள், ஒன்றிரண்டு ஃபெயில் இருந்தால் நல்லது என்று கூட்டத்தில் யாரோ காதோடு சொல்லியிருந்தார்கள். இன்னொன்றை அவர் சொல்லும்போது குரல் இறங்கிப்போனது. "கோவம் சார். ராத்திரி கண்ணு நோவ உக்காந்து எழுதனதை ஒரே இழுப்புல அழிச்சிட்டாங்களே, அனுபவிக்கட்டும்னு விட்டுட்டேன்."

இதோடு நின்றிருந்தால் மறந்திருக்கலாம். மறுபரீட்சைப் பட்டியலில் சின்னபொண்ணு இல்லை. பாஸானவர்களை மட்டும்தானே அளக்கப் போனார். ஆனால் அன்று மகளிர் குழுக் கூட்டம் நடக்கிற வீட்டில் ஒரு பெண்ணின் முன்னால் குணமதி அந்த மூன்று வரித் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் விழித்துக்கொண்டிருந்தாள். குழு நோட்டில் கைநாட்டு வைக்க வந்த சின்னபொண்ணு பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நாளிக்கி கடை லீவாம்டீ, புதங்கெழமதான் அரிசி குடுப்பானாம். இத்தப் படிக்க இம்மா நேரமா?" என்று சொல்லிவிட்டு, மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி நோட்டில் வைத்தார்.

குணமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சின்னபொண்ணக்கா, உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே, எதுக்குக் கைநாட்டு வெக்கறீங்க?"

"நான் ஃபெயிலாச்சே டீச்சரம்மா. ஃபெயிலானவ கையெழுத்து போட்டா செல்லுமா? நாளிக்கி எதுனா பேஜாரு ஆச்சுன்னா குழுவுக்குத்தானே கெட்ட பேரு."

இரண்டு வருடமாக அப்படித்தான். பேங்க்கில் கைநாட்டு. பேத்தி பள்ளிக்கூடத்தில் கைநாட்டு. பரீட்சைக்கு முன்பு அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஃபெயில் என்று தாளில் வந்தபிறகு அந்த உரிமையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்த ஊரில் பாஸாகியும் படிக்கத் தெரியாத பதினேழு பேர் ஜம்மென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர் விரலிலிருந்த மையைத் தலையில் துடைத்துக்கொண்டு போனார்.

திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போது சொல்லி முடித்தார். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். "மேடம், பழைய மார்க்கையே போட்டுட்டு முடிச்சிக்கினு போங்க. இத எழுதினா நீங்களே உங்க மேல எழுதின புகாரு மாதிரி. வேலையும் வராது, மையமும் போயிடும்" என்றேன். என் ஆய்வு அப்போது முடிந்துவிட்டிருந்தது. அறுபது பேரிடம் வினாநிரல் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். அறுபது பேருக்கும் நானே பதில் எழுதினேன், நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று என்று பேனாவை மாற்றி மாற்றி, என் ஆபீஸ் மேசையில், மத்தியான நேரத்தில். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சோர்ந்துபோனவனுக்கு அந்த வழி தானாகத் தெரியும்.

பானுப்ரியாவும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். குணமதி எழுதிக்கொண்டு போன அத்தியாயத்தைப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம். "மேடம், இது ஆராய்ச்சி இல்ல, வாக்குமூலம். டேட்டாவ நீங்களே கெடுத்தீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எக்ஸ்டெர்னல் வந்து என்னத்தான் கேப்பாரு. பழையபடி மாத்துங்க. எனக்கும் ரினீவல் வருது, ப்ளீஸ்." அந்தப் பெண் மேலே எனக்குக் கோபம் வரவில்லை. அதுவும் நாள் பூரா நின்று களைத்துப்போன பிள்ளைதான்.

குணமதி இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. நான் போன் செய்தபோது, "எழுதிக்கினு இருக்கேன் சார்" என்றார். எதை என்று கேட்கவில்லை. ஜிதேந்திரன் வீட்டில் ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "எழுதறதுனா உண்மைய எழுது, இல்லன்னா படிப்ப நிறுத்திடு. ரெண்டையும் இழுத்துக்கினு கெடக்காத." நல்ல மனிதர்தான். சொல்வது சுலபம். ஒருங்கிணைப்பாளர் நாற்காலிக்குக் காத்திருந்தது அவர் இல்லையே.

சமர்ப்பிக்கக் கடைசி நாள் அமாவாசையில் வந்து விழுந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகிற நாள். பாதி பஸ்சை ஸ்பெஷலாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். திண்டிவனத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். என் கையிலும் அவர் கையிலும் ஒரே நிறத்துக் காலிகோ அட்டை போட்ட ஆய்வேடு, பொன்னெழுத்து. பஸ்சில் இடம் இல்லை. நின்றுகொண்டே விழுப்புரம் போனோம். அவர் தன் ஆய்வின் மூன்று பிரதிகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். "உண்மையா, பொய்யா?" என்று கேட்டேன். "உண்மைதான் சார்" என்றார் கண்ணைத் திறக்காமல். எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. என்னையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்குகிறாரே என்கிற எரிச்சல்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர் பேராசிரியர் முக்கால் மணி நேரம் அவரை நிற்கவைத்துக் கேட்டார். உங்கள் தேர்வுமுறையே தவறு, உங்கள் மதிப்பெண்ணே செல்லாது, பின்னே எதை ஆய்வு செய்தீர்கள் என்றார். "என் தப்பத்தாங்க ஐயா" என்றாராம் குணமதி. குறைந்தபட்ச மதிப்பெண் போட்டுத் தேர்ச்சி கொடுத்தார்கள். எனக்கு முதல் வகுப்பு. என் அறுபது பேரின் கருத்துகளைப் பற்றிப் பேராசிரியர் பாராட்டி இரண்டு வார்த்தை சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆய்வின் பிரதி எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தது. குணமதியை மையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் பணியிடத்துக்கு அவர் விண்ணப்பம் போடவேயில்லை. வயதுவந்தோர் கல்வியில் முதுகலை முடித்துவிட்டார், கற்பிக்க ஒரு வயதுவந்தவர்கூட அவருக்கு இல்லை. புது ஆள் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையும் பென்சில் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

பட்டச் சான்றிதழ் வாங்க ஒரு வெள்ளிக்கிழமை விழுப்புரம் போய்விட்டுத் திரும்பினோம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் செஞ்சி பஸ்சுக்கு அவர் நிற்க, நானும் கூட நின்றேன். ஆளுக்கு ஒரு டீ.

"சின்னபொண்ணு அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"போன வாரம் போனேன் சார். என் ஆய்வுப் புத்தகத்த எடுத்துக்கினு போனேன். அறுபத்தொண்ணாம் பக்கத்துல அவங்களப் பத்தி இருக்குது. நான் சொன்னா பொய்யுன்னு நெனப்பாங்க, அவங்களே படிக்கட்டும்னு குடுத்தேன். வாசல்ல முறத்துல கேப்பை பொடச்சிக்கினு இருந்தாங்க. கைய ஒதறிட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தா படிச்சாங்க. 'இந்த மையத்தில் தேர்வைத் தானே படித்து எழுதியவர் இவர் ஒருவரே. இவரது தோல்வி மதிப்பீட்டாளரின் தவறு.' மதிப்பீட்டாளர்னா யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன்."

"அழுதாங்களா?"

"இல்ல சார். திரும்ப ஒருவாட்டி படிச்சாங்க. அப்பால என்ன நிமிந்து பாத்து, 'இத்த எழுதித்தான் உனக்குப் பட்டம் குடுத்தானுங்களா?'ன்னாங்க. ஆமான்னேன். 'என்ன ஃபெயிலாக்கிட்டு, அத்த வெச்சே நீ பாஸாயிக்கினியா டீச்சரம்மா?'ன்னு கேட்டாங்க."

டீ ஆறிப்போயிருந்தது. அவர் குடிக்கவில்லை. இரண்டு டம்ளரையும் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

"இப்போ கையெழுத்து போடறாங்களா?"

"தெரியல சார். அந்தக் குழுவுக்கு நான் போறதில்ல. அன்னிக்கி நான் கெளம்பி வரக்கொள்ள, 'அந்தத் தாள மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போ, யாராச்சும் கேட்டா நான் காட்டணும்'ன்னாங்க. ஜெராக்ஸ் எடுத்தாந்து தர்றேன்னேன். 'அது வேணாம், இதே வேணும்'ன்னு கைய நீட்டிக்கினு நின்னாங்க. பைண்டிங்கிலேர்ந்து கிழிச்சுக் குடுத்துட்டேன் சார்."